உணவுக்குழாய்ப் புற்றுநோயில் விழுங்குவதில் சிரமம்: நோய்த்தணிப்புச் சிகிச்சை முறைகள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையை அடைந்தவர்களைப் பெரிதும் வாட்டுவது விழுங்குவதில் ஏற்படும் சிரமமே ஆகும். எதிரே உணவு இருந்தும் உண்ண இயலாத நிலை, நோயாளியையும் குடும்பத்தாரையும் ஒருசேரத் துன்புறுத்துகிறது. "நோயை முற்றிலும் குணப்படுத்த இயலாது" என்று மருத்துவர் கூறியதும், "அப்படியானால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று பொருள்கொண்டு வீடு திரும்பிவிடும் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சில வாரங்கள் கழித்து, எச்சிலைக்கூட விழுங்க இயலாமல், உடல் மெலிந்து, நீர்ச்சத்து வற்றிய நிலையில் அவர்கள் மீண்டும் வருகிறார்கள்.

இவ்விரண்டு கூற்றுகளும் ஒன்றல்ல. புற்றுநோயை நீக்க இயலாத நிலையிலும், அடைபட்ட வழியைத் திறந்து, பெரும்பாலான நோயாளிகள் மீண்டும் ஓரளவேனும் வாயால் உண்ணவும் பருகவும் வழிசெய்ய இயலும். இத்தகைய சிகிச்சையையே நோய்த்தணிப்புச் சிகிச்சை என்கிறோம். இதற்குப் பல முறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் பலன் தரத் தொடங்கும் காலம் வேறு. பலன் நீடிக்கும் காலம் வேறு. அவற்றை அறிந்துகொண்டால், நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரோடு அமர்ந்து தங்களுக்கு ஏற்றதைத் தெரிவுசெய்ய முடியும். அதற்குத் துணைபுரிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடைப்பு எவ்வாறு ஏற்படுகிறது?

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை செல்லும் தசைக்குழாய். வளர்ந்தவர்களுக்கு இதன் நீளம் சுமார் 25 செ.மீ. இதன் சுவர் நன்கு விரிந்துகொடுக்கும் இயல்புடையது. ஆகவே, கட்டி சிறிதாக இருக்கும்போது நோயாளிக்கு எந்தத் தடையும் தெரிவதில்லை. குழாயின் உள்வழி பாதிக்கு மேல் குறுகிய பிறகே சிரமம் வெளிப்படுகிறது. இந்நோய் பலருக்கு முற்றிய நிலையில் கண்டறியப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிரமம் பெரும்பாலும் படிப்படியாக வளர்கிறது. முதலில் இறைச்சித் துண்டு, சப்பாத்தி, பரோட்டா போன்றவை நெஞ்சில் நிற்பதுபோல் தோன்றும். அடுத்து, நன்கு பிசைந்த சோறும் இட்லியும் மட்டுமே இறங்கும். பிறகு கஞ்சியும் பாலும் மட்டுமே செல்லும். இறுதியில் தண்ணீரும் எச்சிலும்கூட இறங்காத நிலை வரும். மருத்துவர்கள் இதனைச் சுழியம் முதல் நான்கு வரையிலான எண்களால் குறிக்கின்றனர். எல்லா உணவையும் உண்ண முடிந்தால் சுழியம். சில திட உணவுகள் மட்டும் இறங்கினால் ஒன்று. குழைந்த உணவு மட்டும் என்றால் இரண்டு. நீராகாரம் மட்டும் என்றால் மூன்று. எதுவுமே இறங்காவிட்டால் நான்கு.

வீட்டில் இருப்பவர்கள் இப்படிநிலையைக் கவனித்து, எந்த உணவு எந்த நாள் முதல் இறங்கவில்லை என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், சிகிச்சையை முடிவுசெய்ய அது பெரிதும் உதவும். நீராகாரம் மட்டுமே இறங்கும் நிலை வந்தவுடன் மருத்துவமனைக்கு வர வேண்டும். எச்சில் இறங்காத நிலை வரை காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சைக்கு முன் அறிய வேண்டியவை

விழுங்க இயலாமைக்குக் கட்டியின் வளர்ச்சி மட்டுமே காரணம் என்று உடனே முடிவுசெய்துவிட முடியாது. வாயிலும் உணவுக்குழாயிலும் பூஞ்சைத் தொற்று ஏற்பட்டிருக்கலாம். முன்னர் பெற்ற கதிர்வீச்சினால் குழாய் தழும்பேறிச் சுருங்கியிருக்கலாம். உணவுத் துண்டொன்று குறுகிய இடத்தில் சிக்கியிருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ஆகவே எண்டோஸ்கோப்பியும், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேனும் செய்து, அடைப்பு எங்கே உள்ளது, எவ்வளவு நீளம், மூச்சுக்குழாயை நெருக்குகிறதா என்பவற்றை அறிந்துகொள்கிறோம்.

அதன்பின் இரண்டு வினாக்களுக்கு விடை காண முயல்கிறோம். முதலாவது: நிவாரணம் எவ்வளவு விரைவாகத் தேவை? எச்சிலே இறங்காதவருக்கு நாட்கணக்கில் பலன் தேவை. கஞ்சி இறங்குபவர் சில வாரங்கள் காத்திருக்கலாம். இரண்டாவது: அந்த நிவாரணம் எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும்? நோயின் பரவலையும், நோயாளி எழுந்து நடமாடும் திறனையும் கொண்டு இதனை மதிப்பிடுகிறோம். இந்த இரண்டாவது வினாவைக் குடும்பத்தார் கேட்கத் தயங்குவது இயல்பே. ஆனால் சரியான சிகிச்சையைத் தெரிவுசெய்ய இவ்வினா இன்றியமையாதது.

உலோக ஸ்டென்ட்: விரைவான நிவாரணம்

இன்று மிகுதியாகப் பயன்படுவது தானாக விரியும் உலோக ஸ்டென்ட் ஆகும். இது வலைபோல் பின்னப்பட்ட குழாய். நிக்கல், டைட்டானியம் ஆகியவற்றின் கலவையான நிட்டினால் என்னும் உலோகத்தால் இவற்றுள் பல செய்யப்படுகின்றன. இவ்வுலோகத்தை அழுத்திச் சுருக்கினாலும், உடல் வெப்பத்தில் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும் தன்மை அதற்கு உண்டு. சுருக்கிய நிலையில் மெல்லிய குழலுக்குள் வைத்து அடைப்பின் ஊடே செலுத்தி, உரிய இடத்தில் விடுவித்தால், ஓரிரு நாட்களில் அது மெல்ல விரிந்து வழியைத் திறக்கிறது. விரிந்தபின் இதன் குறுக்களவு பொதுவாக 18 முதல் 23 மி.மீ. வரை இருக்கும்.

இதற்கு நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. மயக்க மருந்து கொடுத்து எண்டோஸ்கோப்பி வழியாகவோ, எக்ஸ்ரே திரையின் துணையுடனோ பொருத்துகிறோம். பலர் ஓரிரு நாட்களில் நீராகாரத்தையும், அதன்பின் குழைந்த உணவையும் உண்ணத் தொடங்குகின்றனர்.

மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை ஏற்பட்டவர்களுக்கு உறையிட்ட ஸ்டென்ட் சிறப்பாகப் பயன்படுகிறது. இவர்கள் தண்ணீர் அருந்தும் ஒவ்வொரு முறையும் கடும் இருமல் வரும். உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கும். உறையிட்ட ஸ்டென்ட் அத்துளையை மூடி இதனைத் தடுக்க முயல்கிறது.

ஸ்டென்ட்டினால் வரக்கூடிய சிரமங்களையும் அறிந்திருக்க வேண்டும். பொருத்திய முதல் சில நாட்களில் நெஞ்சுவலி வருவது பொதுவானது. அது விரியும்போது உண்டாகும் அழுத்தமே இதற்குக் காரணம். உரிய வலிநிவாரணி கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். இரைப்பையின் வாயிலைக் கடந்து பொருத்தப்பட்டவர்களுக்குப் புளிநீர் மேலெழும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையும், தலைப்பக்கம் உயர்த்திய படுக்கையும் இதற்குத் தேவை. உணவு சிக்குதல், ஸ்டென்ட் இடம்பெயர்தல், கட்டி அதன் விளிம்பைத் தாண்டி வளர்தல் ஆகியவற்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு மீண்டும் சிரமம் வரக்கூடும். அவ்வாறு வந்தால், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே அடைப்பை நீக்கவோ, இரண்டாவது ஸ்டென்ட் பொருத்தவோ இயலும். இரத்தக்கசிவும் குழாயில் துளை விழுவதும் அரிதாயினும் கடுமையான விளைவுகள்.

தொண்டைக்கு மிக அருகில் உள்ள கட்டிகளுக்கு ஸ்டென்ட் எப்போதும் பொருந்துவதில்லை. தொண்டையில் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும் உணர்வு தரும். அறுவை சிகிச்சையால் குணப்படுத்தும் நோக்கம் உள்ளவர்களுக்கும் இதனைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

உட்கதிர்வீச்சு: சற்றுத் தாமதமான, ஆனால் நீடிக்கும் பலன்

பிராக்கிதெரபி எனப்படும் உட்கதிர்வீச்சு முறையில், மெல்லிய குழாயொன்றை உணவுக்குழாய்க்குள் செலுத்தி, அதன் வழியே கதிரியக்கப் பொருளைக் கட்டியின் அருகிலேயே சில நிமிடங்கள் வைத்து எடுக்கிறோம். கதிர்கள் கட்டியின் மீதே குவிவதால், நுரையீரல், இதயம் போன்ற அண்டை உறுப்புகள் குறைவாகவே பாதிக்கப்படும். சிகிச்சை முடிந்ததும் கதிரியக்கப் பொருள் அகற்றப்பட்டுவிடும். நோயாளியின் உடலில் கதிர்வீச்சு தங்குவதில்லை. ஆகவே குழந்தைகள் அருகில் செல்லலாமா, ஒரே அறையில் உறங்கலாமா என்னும் அச்சம் தேவையில்லை.

நெதர்லாந்தில் 209 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு, 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, 12 கிரே அளவில் ஒருமுறை கொடுத்த உட்கதிர்வீச்சையும் ஸ்டென்ட்டையும் ஒப்பிட்டது. முதல் வாரங்களில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்களே விரைவாக நிவாரணம் பெற்றனர். ஆனால் காலம் செல்லச் செல்ல, உட்கதிர்வீச்சுப் பெற்றவர்களின் நிலை மேம்பட்டிருந்தது. சிக்கல்களும் குறைவாக இருந்தன. சில மாதங்கள் நல்ல உடல்நிலையோடு இருக்க வாய்ப்புள்ளவர்களுக்கு இம்முறை ஏற்றது என்பதற்கு இவ்வாய்வு முக்கியச் சான்று. எனினும் இதற்குரிய கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. குழாய் நுழைய இயலாத அளவுக்கு அடைப்பு இறுகியிருந்தால், முதலில் வழியை விரிக்கவும் வேண்டியிருக்கும்.

வெளிக்கதிர்வீச்சு

உடலுக்கு வெளியிலிருந்து இயந்திரத்தின் மூலம் செலுத்தப்படும் கதிர்வீச்சு நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கிறது. நோய்த்தணிப்பு நோக்கில் இதனைக் குறுகிய காலத்துக்கே கொடுக்கிறோம்: ஐந்து நாட்களில் மொத்தம் 20 கிரே, அல்லது பத்து நாட்களில் 30 கிரே என்பது வழக்கமான அளவு. விழுங்குவதில் முன்னேற்றம் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். இடையில் உணவுக்குழாய் புண்பட்டு, முதல் சில நாட்கள் சிரமம் சற்று கூடவும் செய்யும். இதனை முன்கூட்டியே அறிந்திருந்தால் "சிகிச்சையால் நோய் அதிகமாகிவிட்டது" என்று அஞ்ச வேண்டியிராது.

கட்டியிலிருந்து இரத்தம் கசிபவர்களுக்கும், நெஞ்சு அல்லது முதுகுவலி உள்ளவர்களுக்கும் வெளிக்கதிர்வீச்சு கூடுதல் பலன் தரும். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் அனைவருக்கும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமா என்பதைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2021ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவ்வாறு சேர்ப்பதால் விழுங்கற்சிரமம் மீண்டும் வருவது குறையவில்லை. ஆகவே ஒன்றோடொன்று சேர்த்தால் பலன் இரட்டிப்பாகும் என்று எண்ணி, நோயாளியைத் தேவையற்ற அலைச்சலுக்கு உள்ளாக்க வேண்டியதில்லை.

கீமோதெரபியும் புதிய மருந்துகளும்

உடல்வலிமை ஓரளவு நன்றாக உள்ளவர்களுக்கு, கீமோதெரபி கட்டியைச் சுருக்கி விழுங்குவதை எளிதாக்கலாம், வாழ்நாளையும் நீட்டிக்கலாம். உடலெங்கும் பரவிய நோயை இது கட்டுப்படுத்த முயல்கிறது என்பதே இதன் தனிச்சிறப்பு. அண்மை ஆண்டுகளில், உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகளும் சிலருக்குப் பலன் தருகின்றன. இவை யாருக்குப் பொருந்தும் என்பதை, பயாப்சியில் எடுத்த திசுவைச் சிறப்புச் சோதனைகளுக்கு உட்படுத்தி முடிவுசெய்கிறோம். இம்மருந்துகளின் விலை மிக அதிகம். எதிர்பார்க்கக்கூடிய பலன் என்ன, மொத்தச் செலவு என்ன என்பவற்றை, வீட்டையோ நிலத்தையோ அடகு வைக்கும் முன் எங்களிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

பிற எண்டோஸ்கோப்பி முறைகள்

பலூன் கொண்டு அடைப்பை விரிப்பதால் உடனே வழி திறக்கும். ஆனால் பலன் சில நாட்களோ, ஓரிரு வாரங்களோதான் நீடிக்கும். ஆகவே வேறொரு சிகிச்சைக்கு முன்னோட்டமாகவே இதனைச் செய்கிறோம். லேசர் கொண்டோ, ஆர்கான் வாயுவின் துணையுடனோ கட்டியைக் கருக்கி நீக்கும் முறைகள், ஸ்டென்ட்டுக்குள் வளர்ந்த திசுவை அகற்றவும் இரத்தக்கசிவை நிறுத்தவும் பயன்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலும் மீண்டும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

குழாய்வழி உணவு

"மூக்கில் குழாய் போட்டுவிடுங்கள் டாக்டர், உணவு உள்ளே போனால் போதும்" என்று பல குடும்பத்தார் கேட்கின்றனர். மூக்குவழிக் குழாயும், வயிற்றின் வழியே இரைப்பைக்கோ சிறுகுடலுக்கோ நேரடியாகச் செல்லும் குழாயும் சில நோயாளிகளுக்கு உண்மையிலேயே தேவை. கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெறுங்காலத்தில் உடல் தளராமல் காக்கவும், ஸ்டென்ட் பொருந்தாத இடத்தில் கட்டி உள்ளவர்களுக்கும் இவை உதவும்.

ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குழாய் ஊட்டச்சத்தை மட்டுமே செலுத்துகிறது; அடைப்பை அது திறப்பதில்லை. எச்சில் தேங்கி நிற்பதும், அதனை ஓயாமல் துப்ப நேர்வதும், இரவில் புரையேறி விழித்துக்கொள்வதும் தொடரும். ஒரு வாய்க் காப்பியின் சுவையும், குடும்பத்தாரோடு அமர்ந்து உண்ணும் நிறைவும் குழாயால் கிடைப்பதில்லை. ஆகவே வழியைத் திறக்க வாய்ப்புள்ள இடத்தில், முதலில் வழியைத் திறக்கவே நாங்கள் முயல்கிறோம்.

பல நாட்கள் ஏறத்தாழப் பட்டினியாக இருந்தவருக்கு, குழாய் வழியாகவோ வாய் வழியாகவோ திடீரெனப் பெருமளவு உணவு கொடுப்பது ஆபத்தானது. இரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு சட்டெனக் குறைந்து, இதயத்துடிப்புப் பாதிக்கப்படலாம். எனவேதான் முதல் நாட்களில் உணவின் அளவைக் குறைவாகத் தொடங்கி, இரத்தப் பரிசோதனை செய்து, படிப்படியாகக் கூட்டுகிறோம். "இவ்வளவு மெலிந்தவருக்கு இவ்வளவு குறைவாகவா?" என்று வருந்த வேண்டாம்.

மூன்று சூழல்கள்

தெரிவு எவ்வாறு அமைகிறது என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

கல்லீரல் வரை நோய் பரவி, பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் ஒரு பெரியவருக்கு எச்சிலும் இறங்கவில்லை எனக் கொள்வோம். அவருக்குக் காத்திருக்க நேரமில்லை. ஸ்டென்ட் பொருத்தினால் ஓரிரு நாட்களில் கஞ்சி பருகி வீடு திரும்பலாம். பத்து நாட்கள் கதிர்வீச்சுக்காக அவரை அலைக்கழிப்பது பொருத்தமன்று.

நடமாடி, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஐம்பது வயதுப் பெண்மணிக்குக் குழைந்த உணவு இறங்குகிறது. நோய் அறுவை சிகிச்சைக்கு அப்பாற்பட்டது. அவருக்குக் கீமோதெரபியோ உட்கதிர்வீச்சோ முதல் தெரிவாக அமையலாம். பலன் தாமதமானாலும் நீடிக்கும். இடையில் உடல்நிலை தளர்ந்தால் ஸ்டென்ட் என்னும் வழி அப்போதும் திறந்தே இருக்கும்.

மூன்றாமவர், தண்ணீர் பருகும்போதெல்லாம் இருமுகிறார், காய்ச்சலும் இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கு வழி ஏற்பட்டிருக்குமோ என்று உடனே பரிசோதிக்கிறோம். இருப்பின், உறையிட்ட ஸ்டென்ட்டே முதன்மையான சிகிச்சை.

ஒரே பெயருடைய நோயாயினும், பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்குச் செய்ததையே தமக்கும் செய்ய வேண்டும் என்பதில்லை.

ஸ்டென்ட் பொருத்தியபின் உணவு முறை

முதல் நாள் நீராகாரம் மட்டும் கொடுங்கள்: இளநீர், மோர், வடிகட்டிய பருப்புநீர், பால். அடுத்து ராகிக்கூழ், நொய்க்கஞ்சி, மிக்ஸியில் அரைத்த சோறு. அதன்பின் சாம்பாரிலோ பாலிலோ ஊறவைத்த இட்லி, குழைய வேகவைத்த பருப்புச்சோறு, கூழாக மசித்த காய்கறி, நன்கு மசித்த வாழைப்பழம், அரைவேக்காடாக இல்லாமல் வெந்து குழைந்த முட்டை ஆகியவற்றைக் கொடுக்கலாம். சத்தைக் கூட்ட, கஞ்சியில் ஒரு கரண்டி நெய்யோ வேர்க்கடலைப் பொடியோ சேர்க்கலாம்.

தவிர்க்க வேண்டியவை: இறைச்சித் துண்டுகள், முள் மீன், பரோட்டா, சப்பாத்தி, ரொட்டியின் ஓரம், முறுக்கு, கீரைத்தண்டு, முருங்கைக்காய், ஆரஞ்சுச் சுளையின் தோல், மலைப்பூண்டு போன்ற முழுப் பற்கள்.

சிறு சிறு வாயாக, நன்கு மென்று, நிமிர்ந்து அமர்ந்து உண்ண வேண்டும். மூன்று வேளைக்குப் பதிலாக ஆறு வேளையாகப் பிரித்து உண்பது நல்லது. உணவின் இடையிலும் முடிவிலும் வெதுவெதுப்பான நீரோ சோடாவோ சில மிடறு பருகினால், ஸ்டென்ட்டின் வலையில் உணவு தங்காது. உண்டபின் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை படுக்கக் கூடாது.

மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கும் முன் எங்களைக் கேளுங்கள். மெல்லக் கரைந்து நீண்ட நேரம் செயல்படும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தால், முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் கலந்து ஆபத்தாகும். அத்தகையோருக்குத் திரவ மருந்தோ, தோலில் ஒட்டும் பட்டையோ தருகிறோம். வலிக்காக மார்ஃபின் எடுப்பதை அடிமைத்தனம் என்று எண்ணித் தவிர்க்க வேண்டாம். மருத்துவப் பயன்பாட்டுக்கு அது எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே போதைப்பொருள் சட்டத்தில் 2014ஆம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டது.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• முன்பு இறங்கிய நீரோ எச்சிலோ திடீரென இறங்காமை
• தணியாத கடும் நெஞ்சுவலி அல்லது முதுகுவலி. கழுத்துத் தோலின் அடியில் காற்று நிறைந்ததுபோன்ற வீக்கம்
• இரத்த வாந்தி, அல்லது தார் போன்ற கறுப்பு மலம்
• ஒவ்வொரு முறை பருகும்போதும் இருமல், மூச்சுத்திணறல்
• குளிருடன் கூடிய காய்ச்சல்

இவை இரவில் ஏற்பட்டாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டென்ட் பொருத்தியபோது கொடுத்த அட்டையை உடன் கொண்டுவாருங்கள்.

குடும்பத்தாருக்கு

ஊட்டுவது அன்பின் வெளிப்பாடு. "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சும் தாயையும் மனைவியையும் நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் முற்றிய புற்றுநோயில் பசியின்மையும் உடல் மெலிவும் நோயின் விளைவுகளே. ஊட்டியவரின் குறையால் நேர்பவை அல்ல. வழி திறந்தபின்னும் நோயாளி முன்போல் உண்ணாமல் போகலாம். வற்புறுத்தினால் புரையேறும், வாந்தி வரும், உணவுவேளையே அச்சந்தரும் வேளையாகிவிடும். சிறு கிண்ணத்தில், அவர் விரும்பியதை, அவர் கேட்கும்போது கொடுங்கள். அவர் போதும் என்றால் அதுவே அளவு.

நோயின் நிலையை நோயாளியிடம் மறைத்துவிடும்படி எங்களிடம் கேட்பவர்களும் உண்டு. அன்பினால் கேட்கிறார்கள் என்பதை நாங்கள் உணர்கிறோம். ஆயினும், விழுங்க இயலாமையை ஒவ்வொரு மிடறிலும் உணர்பவர் அவரே. ஸ்டென்ட் வேண்டுமா, கதிர்வீச்சுக்காக நாள்தோறும் வரவேண்டுமா, எதுவும் வேண்டாமா என்பதை முடிவுசெய்யும் உரிமையும் அவருடையதே. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை, அவர் விரும்பும் வேகத்தில், உங்கள் முன்னிலையிலேயே சொல்ல எங்களால் இயலும்.

இறுதி நாட்களில்

ஒரு கட்டத்தில் ஸ்டென்ட்டோ குழாயோ கதிர்வீச்சோ பலன் தராத நிலை வரும். அப்போதும் சிகிச்சை நிற்பதில்லை. அதன் இலக்கு மாறுகிறது. எச்சில் மிகுதியைக் குறைக்கவும், வலியையும் மூச்சிரைப்பையும் தணிக்கவும் மருந்துகள் உள்ளன. விழுங்க இயலாதவருக்கு அவற்றைத் தோலுக்கடியில் ஊசியாகவே கொடுக்க முடியும்.

அந்நாட்களில் பசியும் தாகமும் இயல்பாகவே குறைகின்றன. உடல் மெல்ல ஓயும்போது அது உணவைக் கேட்பதில்லை. "பட்டினி போட்டுவிட்டோமோ" என்று குடும்பத்தார் தம்மையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. சிரை வழியே நீரேற்றுவதும் பலருக்கு நன்மை தருவதில்லை. சிலருக்குச் சளியையும் வீக்கத்தையும் கூட்டுகிறது. மென்மையான பஞ்சை நீரில் நனைத்து வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்திருங்கள். உதட்டில் சிறிது வெண்ணெய் தடவுங்கள். அவர் விரும்பினால் நாவில் ஒரு துளி தேன், ஒரு துளி காப்பி வைக்கலாம். ஒருவாய் அன்னம் ஊட்டுவதற்கு ஈடான பணிவிடைதான் இதுவும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. இச்சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா, சிரமத்தைத் தணிப்பதா?
2. எத்தனை நாட்களில் விழுங்க இயலும்? எத்தகைய உணவு வரை உண்ணலாம்?
3. அந்தப் பலன் எவ்வளவு காலம் நீடிக்கக்கூடும்?
4. சிரமம் மீண்டும் வந்தால் அடுத்த வழி என்ன?
5. எத்தனை முறை மருத்துவமனைக்கு வர நேரிடும்?
6. செலவு எவ்வளவு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்குமா?
7. இச்சிகிச்சையைச் செய்துகொள்ளாவிட்டால் என்ன நிகழும்?

ஏழாவது வினாவைக் கேட்பதால் மருத்துவர் மனம் வருந்துவார் என்று எண்ண வேண்டாம். அதற்கு நேர்மையாக விடையளிப்பது எங்கள் கடமை. இத்தாளைக் கையோடு கொண்டுவந்து, வினாக்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நோயாளியையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். நீராகாரம் மட்டுமே இறங்கும் நிலையில் உள்ள எவரும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல், இவ்வாரமே புறநோயாளிப் பிரிவுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.